உருவிலிக்கு ஓர் உடுப்பு

மாசி மாதத்து அமாவாசை கழிந்து, மூன்றாம் பிறை மேற்கு வானில் தலைகாட்டும் நாளில், இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் காமன் ஊன்றப்படுகிறது. லயங்களை அடுத்த வெளியிடத்தில் நடப்படும் கம்பம் மன்மதனின் அடையாளமாகும். அந்த இடத்துக்குக் காமன் பொட்டல் என்று பெயர். அன்று முதல் பௌர்ணமியை ஒட்டி வரும் தகன இரவு வரையில், பகலெல்லாம் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் களைத்த மக்கள், இருள் கவிந்தபின் பொட்டலில் கூடுகின்றனர். முற்காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக் களத்துக்கு ஆள் திரட்ட முழங்கிய அதே தப்பு, இரவில் மன்மதனையும் ரதியையும் ஆட்டத்துக்கு அழைக்கிறது.

நுவரெலியா, அட்டன் முதலிய பகுதிகளில் வாழையடி வாழையாக நடந்துவரும் இந்தக் காமன் கூத்தைப் பற்றிப் பேசுவோர், அதன் பாட்டையும் தப்பின் அடவையும் போற்றுவது வழக்கம். அக்கூத்தில் மற்றொரு கலையும் அடங்கியிருக்கிறது. அதுதான் வேடம் புனையும் கலை. மரமும் மூங்கிலும் தாளும் துணியும் கொண்டு, மனித உடலின் மேல் ஒரு சிற்பத்தை எழுப்பி, அதனை இரவு முழுவதும் ஆடவைக்கும் அந்த வேலை எளிதன்று. அதிலும் காமனுக்கு வேடம் புனைவதில் ஏனைய தெய்வங்களுக்கு இல்லாத ஒரு தனிச்சிக்கல் உண்டு. காமனுக்கு உடல் கிடையாது.

அனங்கன் என்றால் அங்கம் அற்றவன் என்பது பொருள். தமிழில் அவனை உருவிலி என்பர். தவத்தில் அமர்ந்திருந்த சிவபெருமான் மீது தேவர்களின் வேண்டுகோளால் மலர்க்கணை தொடுத்த மன்மதன், நெற்றிக்கண்ணின் நெருப்பால் சாம்பலானான். ரதியின் புலம்பலுக்கு இரங்கிய இறைவன், அவள் கண்ணுக்கு மட்டும் தோன்றுமாறு அவனுக்கு மீண்டும் உயிர் அளித்தார் என்பது புராணம். காளிதாசரின் குமாரசம்பவமும் கச்சியப்பரின் கந்தபுராணமும் இக்கதையை விரித்துரைக்கின்றன. மயிலாடுதுறைக்கு அருகேயுள்ள திருக்குறுக்கையைக் காமதகனம் நிகழ்ந்த தலம் என்று சைவர்கள் போற்றுகின்றனர். ரதி ஒருத்தி மட்டுமே காணக்கூடிய ஒருவனைத் தோட்டத்தார் அனைவரும் காணும்படி செய்வதே வேடம் புனைபவரின் பணி.

அதற்கு வேண்டிய பொருள்களையெல்லாம் மரபு முன்னரே வகுத்துத் தந்திருக்கிறது. காமனுக்கு வில் கரும்பு. நாண் வண்டுகளின் வரிசை. கணைகள் தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் என்னும் ஐந்து மலர்கள். தென்றல் அவனுக்குத் தேர். கிளி அத்தேரை இழுக்கும் குதிரை. மகர மீன் கொடி. முழுமதி வெண்கொற்றக் குடை. குயிலின் குரல் எக்காளம். கடலின் ஒலி முரசம். வசந்த காலம் உற்ற தோழன். பொன்னோ இரும்போ இந்தப் பட்டியலில் ஒரு பொருளுக்கும் தேவைப்படவில்லை. இயற்கையே அவனுக்கு ஆயுதம். இயற்கையே அவனுக்கு அணி.

இவற்றுள் சிலவற்றைக் கையால் செய்து காட்டிவிடலாம். சிலவற்றைக் காட்டவே இயலாது. கரும்பையும் மலரையும் கிளியையும் மீனையும் உருவாக்கலாம். தென்றலை எவ்வாறு உடுத்துவது? கடலின் ஒலியை எங்கே கட்டுவது? கடலின் ஒலியைத் தப்புக்கும் குயிலின் குரலைப் பாடகருக்கும் ஒதுக்கிவிடலாம். தென்றலோ வேடத்தின் அசைவில்தான் தோன்ற வேண்டும். ஆகையால் காமன் வேடத்தில் விறைப்பாக நிற்கும் பகுதிகளும் வேண்டும்; மெல்லிய அசைவுக்கும் சிலிர்க்கும் பகுதிகளும் வேண்டும். ஆடுபவன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றபிறகும் முடியின் உச்சியிலுள்ள பூங்கொத்து இரண்டு நொடி நடுங்கிக்கொண்டிருந்தால், பார்ப்பவரின் மனம் காற்றை உணர்ந்துவிடுகிறது.

காமனுக்கு உருவம் கொடுக்கும் முயற்சி தமிழர்க்குப் புதிதன்று. புகார் நகரில் காமவேள் கோட்டம் இருந்ததைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. திருப்பரங்குன்றத்து ஓவியங்களில் காமனும் ரதியும் இடம் பெற்றிருந்ததைப் பரிபாடல் கூறுகிறது. திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள தாடிக்கொம்பிலும், திருநெல்வேலிச் சீமையின் கிருஷ்ணாபுரத்திலும் நாயக்கர் காலச் சிற்பிகள் ரதியையும் மன்மதனையும் கருங்கல்லில் வடித்து வைத்திருக்கின்றனர். உயர்ந்த முடி, தோள்களை அகலப்படுத்தும் அணிகள், மார்பில் அடுக்கடுக்கான ஆரங்கள், இடையில் விரிந்த கச்சை ஆகியவை அக்காலத்துக் கோயிற் சிற்பங்களின் பொதுவான கோலம். கூத்து மேடையில் அரசர்க்கும் தெய்வங்களுக்கும் உரிய அணிகளும் ஏறத்தாழ இதே கோலத்தைப் பின்பற்றுகின்றன. கற்சிலைக்குத் தன் முடி கனப்பதில்லை. கூத்தாடுபவனுக்கோ ஒவ்வொரு நிமிடமும் கனக்கிறது. சிற்பியின் கவலை முடிந்த இடத்தில் வேடம் புனைபவரின் கவலை தொடங்குகிறது என்று சொல்லலாம்.

இந்தக் கூத்து மலைநாட்டுக்கு வந்த வரலாறும் வேடத்தோடு தொடர்புடையது. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலம் முதல், திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் கங்காணிகளின் பின்னே கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியாக நடந்து மலையேறினர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. அடுத்து வந்த ஆண்டுகளில் மலைகள் தேயிலைக்கு மாறின. வந்தவர்கள் மூட்டையில் கொண்டுவந்த பொருள் சொற்பம். மாரியம்மனையும் காமனையும் அருச்சுனன் தவத்தையும் பொன்னர் சங்கரையும் அவர்கள் நெஞ்சில் சுமந்து வந்தனர்.

அவ்வாறு வந்து சேர்ந்த காமன் சமவெளியின் தெய்வம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். கரும்பு வெப்பநிலத்துப் பயிர். மா பூப்பதற்கும் தாமரை செழிப்பதற்கும் சமவெளியின் வெயில் தேவை. காமனின் வில்லும் கணைகளும் விளையாத நிலத்தில் காமனைக் கொண்டாட நேர்ந்தபோது, வேடம் ஒரு புதிய பொறுப்பை ஏற்றது. முன்னோர் விட்டுவந்த ஊரின் வசந்தத்தை, அதைக் கண்டிராத பேரப்பிள்ளைகளுக்குத் தாளாலும் துணியாலும் காட்டவேண்டியதாயிற்று. தேயிலையும் மூடுபனியும் சூழ்ந்த மலையில் பிறந்த பிள்ளைக்கு, கரும்பும் கிளியும் மாம்பூவும் ஒரே உடம்பில் பூத்துக் குலுங்கும் காட்சி அந்தப் பொட்டலில் கிடைத்தது.

இனி, அந்த வேடம் எவ்வாறு உருவாகிறது என்பதைக் காண்போம். தோட்டத்துக்குத் தோட்டம் வழக்கம் மாறும். கிடைக்கும் பொருளும் மாறும். ஆயினும் இத்தகைய வேடங்கள் அனைத்துக்கும் மூன்று அடுக்குகள் உண்டு. சுமையைத் தாங்கும் சட்டம் முதலாவது. அதற்கு வடிவம் கொடுக்கும் போர்வை இரண்டாவது. கண்ணைக் கவரும் ஒப்பனை மூன்றாவது. பார்ப்பவர் மூன்றாவதை மட்டுமே காண்கின்றனர். ஆனால் வேடத்தின் வெற்றியும் தோல்வியும் முதலாவதில் அடங்கியிருக்கின்றன.

சுமை தாங்கும் இலக்கணத்தைத் தோட்டத்து மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கொழுந்துக் கூடையை முதுகில் தொங்கவிட்டு, அதன் கயிற்றைத் தலையில் மாட்டி, கயிறு அழுத்தாதபடி மடித்த துணியை இடையே வைத்து, செங்குத்தான மலையில் ஏறி இறங்கும் பெண்கள், உடலின் எந்த இடம் எவ்வளவு கனத்தைத் தாங்கும் என்பதை நாள்தோறும் நிறுவிக் காட்டுகின்றனர். இடையிலே அவர்கள் சுற்றிக்கொள்ளும் படங்கு, தேயிலைச் செடியின் கிளைகள் உடலைக் கிழிக்காமல் காக்கிறது. வேடத்தின் அடிப்படையும் இவ்விரண்டே. கனம் எலும்பில் இறங்க வேண்டும், சதையில் இறங்கக் கூடாது. கூரான எதுவும் தோலைத் தொடக் கூடாது.

முடியை எடுத்துக்கொள்வோம். காமனின் முடி உயரமாக இருந்தால்தான் கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவருக்கும் அவன் தெய்வமாகத் தோன்றுவான். ஆனால் உயரம் கூடக்கூட, தலை சாயும்போது அது கழுத்தை இழுக்கும் வலிமையும் கூடுகிறது. ஆகவே முடியின் கனம் முழுவதும் நெற்றியைச் சுற்றிய அடிவளையத்தில் இருக்கவேண்டும்; மேலே செல்லச் செல்ல வெறும் ஓடும் காற்றுமாக இருக்கவேண்டும். முதலில் தலையில் துணியை இறுகச் சுற்றிக்கொண்டு அதன்மேல் முடியை இறக்கினால், வியர்வையைத் துணி உறிஞ்சிக்கொள்ளும், முடியும் வழுக்காது. காதுகளின் பக்கத்தில் விரியும் கன்னத்தட்டுகள் முகத்தை அகலமாக்கிக் காட்டுகின்றன. அவை பாடகரின் குரலையும் தப்பின் ஒலியையும் மறைத்துவிட்டால் ஆடுபவன் தாளம் தப்பிவிடுவான். எனவே அவற்றைச் செவியிலிருந்து சற்று விலக்கிக் கட்டுவது முறை.

அடுத்தவை தோளில் நிற்கும் புஜங்கள். இவையே வேடத்துக்குச் சிற்பத்தின் தோற்றத்தை அளிப்பவை. தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் முடியையும் புஜக்கட்டையையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவது வழக்கம். அந்த மரம் மிக இலேசானது. உளிக்கு எளிதில் இணங்குவது. முள்முருக்கு என்றும் அதற்குப் பெயர். வியப்பு யாதெனில், அதே இனத்தைச் சேர்ந்த முருக்கு மரம் மலைநாட்டுத் தேயிலைக்கிடையே நிழலுக்காக நடப்பட்டிருக்கிறது. அதன் கிளைகளை வெட்டித் தழையைத் தேயிலைக்கு உரமாக இடுகின்றனர். தாயகத்தில் தெய்வத்துக்கு முடியாகும் மரத்தின் உறவு, இங்கே கொழுந்துக்கு நிழலாக நிற்கிறது.

மரம் செதுக்கக் கைப்பழக்கமும் நாள்களும் தேவை. அவை இல்லாத இடத்தில் மூங்கிற் பிளாச்சும் அட்டையும் துணையாகின்றன. மூங்கிலை மெல்லியதாகச் சீவி, நீரில் ஊறவைத்து, இறகின் வடிவில் வளைத்துக் கட்டினால் சட்டம் தயார். அதன்மேல் பழந்துணியையோ தாளையோ மாவுப்பசையில் தோய்த்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவேண்டும். ஓர் அடுக்கு நன்கு உலர்ந்தபின்பே மற்றோர் அடுக்கு. அவசரப்பட்டு ஈரத்தின்மேல் ஈரத்தை ஏற்றினால், வெளித்தோல் காய்ந்து உள்ளே புழுங்கி, பூசணம் பூத்துவிடும். பசையில் சிறிது மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. ஆனால் அது நஞ்சாதலால் உடலில் படும் பகுதியில் சேர்த்தல் தகாது. காகிதக் கூழில் வெந்தயத்தை அரைத்துச் சேர்ப்பது தமிழ்நாட்டு வீடுகளின் பழைய கைமுறை. தெய்வத்தின் அணிக்கும் அது பொருந்தும். ஆடுபவனின் தோலுக்கும் தீங்கில்லை.

புஜத்தின் அகலத்தில் ஒரு வரையறை உண்டு. கிளியின் விரித்த சிறகைப்போல் அதை அமைக்க விரும்பினால், கை மேலே உயரும்போது சிறகு கன்னத்தில் இடிக்கக் கூடாது. தலை திரும்பும்போது முடியின் தட்டு சிறகில் மாட்டக் கூடாது. அதனால் அனுபவமுள்ளவர்கள் ஆளை நிறுத்தி அளவெடுப்பதோடு அமையாமல், ஆடவிட்டும் அளவெடுப்பர். கைகளை விரித்து ஒரு சுற்று, குனிந்து ஒரு சுற்று, வில்லை வளைத்து ஒரு நிலை என்று மூன்று நிலைகளிலும் இடிக்காத அகலமே சரியான அகலம். புஜங்களைத் தோளில் மட்டும் கட்டினால் ஆட்டத்தில் நழுவும். முதுகிலும் மார்பிலும் குறுக்காகச் செல்லும் இரண்டு பட்டைகளோடு இணைத்து, அப்பட்டைகளை இடைக்கச்சையில் முடிந்துவிட்டால், கனத்தின் ஒரு பகுதி இடுப்பெலும்பில் இறங்கிவிடும். மார்புப் பதக்கம் அந்தப் பட்டைகள் சந்திக்கும் முடிச்சை மறைக்கிறது. அழகுக்காக வைத்ததுபோல் தோன்றும் பதக்கம், முடிச்சைக் காப்பதற்காகவும் வைத்ததாகும்.

இதே இலக்கணம் இலங்கையின் கீழ்க்கரையிலும் காணப்படுகிறது. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசர் அணியும் கரப்புடுப்பு, கோழியைக் கவிழ்த்து மூடும் கரப்பைப்போல வளையங்களால் விரிந்து நிற்பது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் ஆகியவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து மேடையேற்றியபோது, கூத்தின் ஆட்டத்தோடு அதன் உடுப்பும் நகரத்தார் கண்ணில் பட்டது. காமன் கூத்துக்கு அத்தகைய பல்கலைக்கழக மேடை அவ்வளவாகக் கிடைக்கவில்லை. அதன் மேடை தோட்டத்து மண்ணே.

வில்லின் செய்தி சுவையானது. உண்மையான கரும்பால் வில் செய்தால் என்ன என்று தோன்றும். கரும்பு கனமானது, வளைத்தால் கணுவில் ஒடியும், இரண்டு நாளில் சுருங்கும், எறும்பும் மொய்க்கும். ஊன்றிய கம்பத்தில் கட்டவும் பூசையில் வைக்கவும் உண்மைக் கரும்பு பொருந்தும். ஆட்டத்துக்கோ கரும்பைப் போன்ற வில் வேண்டும். மூங்கிலை வளைத்து, கணு வரவேண்டிய இடங்களில் துணி சுற்றிப் புடைக்கச் செய்து, கருஞ்சிவப்பும் பச்சையும் தீட்டி, நுனியில் தாளால் தோகை வைத்தால், பத்தடி தூரத்தில் அது கரும்பாகிவிடும். கணுக்களின் இடைவெளி அடியில் குறுகியும் நடுவில் நீண்டும் இருக்கவேண்டும். கரும்பை உற்று நோக்கியவர் மட்டுமே இதை அறிவர். எல்லாக் கணுவையும் ஒரே அளவில் வைத்தால் பார்வைக்கு அது வெறும் கோல்.

ஐந்து மலர்களிலும் இந்த உற்றுநோக்கல் தேவை. தாமரை இதழ் அகன்று குவிந்தது. ஒற்றை இதழாக வெட்டி அடியில் மடிக்கவேண்டும். மாம்பூ தனிப்பூவாகத் தெரியாது, கொத்தாகத்தான் தெரியும். அசோகு செம்மஞ்சட் கொத்து. முல்லை சிறிது, வெண்மை ஒன்றே அதன் அடையாளம். நீலம் கூரிய இதழுடையது. ஐந்தையும் ஒரே வண்ணத்தாளில் ஒரே அச்சில் வெட்டினால், காமனுக்குக் கணை ஐந்து என்ற கதையே காணாமற் போய்விடுகிறது. கிளியும் அவ்வாறே. உடலை மரத்தில் செதுக்கலாம். துணிக்குள் பஞ்சடைத்தும் செய்யலாம். பச்சையும் சிவந்த மூக்கும் இருந்துவிட்டால் போதும் என எண்ணலாகாது. கழுத்தைச் சற்றே திருப்பிவைத்தால்தான் அது உயிருள்ள கிளியாகிறது.

ஒப்பனை என்னும் மூன்றாம் அடுக்கு ஒளியைப் பொறுத்தது. தீவட்டியும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் கூத்துக்கு ஒளி தந்த காலங்கள் உண்டு. பின்னர் மின்விளக்கு வந்தது. தீயின் ஒளியில் மஞ்சள் மிகுதி, நீலம் குறைவு. ஆதலால் தீவட்டி வெளிச்சத்தில் சிவப்பும் பொன்னிறமும் துலங்கும். நீலம் கறுத்துத் தோன்றும். வெள்ளை மின்னொளியில் நீலமும் பச்சையும் எழும். தோலின் நிறம் வெளுக்கும். கண்ணாடிச் சில்லுகளைச் சமதளமாக ஒட்டினால் ஒரே நேரத்தில் பளிச்சிட்டு ஒரே நேரத்தில் அணைந்துவிடும். ஒவ்வொன்றையும் சிறிது சாய்த்துப் பதித்தால், ஆடுபவன் திரும்பத் திரும்ப வெவ்வேறு சில்லு மின்னும். சில்லின் விளிம்பை மெழுகாலோ துணியாலோ மூடுதல் இன்றியமையாதது. முகப்பூச்சிலும் எச்சரிக்கை வேண்டும். ஒப்பனையைக் குறிக்க இன்று வழங்கும் அரிதாரம் என்ற சொல், உண்மையில் பாஷாணம் கலந்த ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். பழையவர் பூசினர் என்பதற்காக அதைத் தேடிப் பூசுதல் அறிவுடைமையாகாது.

ரதிக்கு வேடம் புனைவது இதனினும் நுட்பமான பணி. மரபுப்படி ரதியாக ஆடுபவரும் ஆணே. காமனுக்கு உயரமும் அகலமும் கொடுத்தது போல ரதிக்கும் கொடுத்துவிட்டால், பொட்டலில் இரண்டு காமன்கள் நிற்பார்கள். ஆகவே ரதியின் முடி தாழ்ந்திருக்க வேண்டும். புஜங்கள் குறுகியிருக்க வேண்டும். இடைக்குக் கீழே உடுப்பு நிறைந்து சுழலவேண்டும். தகன இரவில் அவள் மண்ணில் விழுந்து புலம்புவாள். விழுந்தால் நொறுங்கும் அணியை அவளுக்குப் பூட்டக் கூடாது.

இவ்விருவருக்கும் எதிர்நிலையில் சிவபெருமான் வருகிறார். அவர் வேடமும் இயற்கையிலிருந்தே பிறந்தது. சடை, சாம்பல், தோலாடை, பாம்பு, பிறை ஆகியவை அதன் உறுப்புகள். காமனிடம் பூத்த இயற்கை. சிவனிடம் துறந்த இயற்கை. ஒன்றில் வண்ணம் நிறைய வேண்டும், மற்றொன்றில் வண்ணம் ஒடுங்க வேண்டும். இரண்டு வேடங்களையும் ஒரே கடைத்தாளால் ஒரே பகட்டாகச் செய்துவிட்டால், எரிப்பவர் யார், எரிபவர் யார் என்பது பார்வையில் விளங்காது. அவர்களைச் சூழ்ந்துவரும் வீரபத்திரன், எமன், தூதன் முதலியோர்க்கும் ஒவ்வொரு தனி அடையாளம் தேவை.

காலநிலையும் ஒரு பகைவன். மாசி மாதத்தில் மலைநாட்டில் மழை குறைவு. ஆனால் இரவுக் குளிர் கடுமையானது. நுவரெலியாவில் ஆண்டின் முதல் மாதங்களில் சில வைகறைகளில் உறைபனி படிவதுண்டு. வெளியே பனி, உள்ளே ஆட்டத்தின் வியர்வை. இரண்டுக்கும் நடுவே மாவுப்பசை இளகுகிறது. வேடத்தின் உட்புறத்தில் மெல்லிய பருத்தித் துணியும், வெளிப்புறத்தில் மெழுகோ எண்ணெய்ச் சாயமோ தடவிய மேற்பரப்பும் இருந்தால்தான் விடியும்வரை அது நிலைத்துநிற்கும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து நெருப்பு. காமதகனத்தின் உச்சமே தீதான். கம்பம் எரியும் இடத்துக்கு அருகிலேயே தாளும் சரிகையும் போர்த்த மனிதர்கள் நிற்கின்றனர். பருத்தி விரைவில் தீப்பற்றும். இக்காலத்துச் செயற்கை இழைத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஏற்படும் புண் கொடியது. ஆட்டுமயிர்க் கம்பளியோ எளிதில் பற்றாது. முற்காலத்தில் கொழுந்து பறிப்போர் மழைக்கும் குளிருக்கும் போர்த்திய கம்பளியை நனைத்துப் பொட்டலின் ஓரத்தில் வைத்திருப்பது சாலச் சிறந்த காவல். உடலை ஒட்டிச் செயற்கை இழை கூடாது; தொங்கும் நுனிகள் கூடாது; ஒரே முடிச்சை அவிழ்த்தால் வேடம் முழுவதும் கழன்றுவிட வேண்டும். இந்த மூன்று விதிகளும் காமனாக ஆடும் இளைஞனின் உயிரைக் காப்பவை. கதையில் எரிபவன் தெய்வம். பொட்டலில் நிற்பவன் ஒரு தாயின் மகன்.

மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து வாதாடும் லாவணி தஞ்சைப் பகுதியில் புகழ்பெற்றது. மலைநாட்டிலும் இக்கேள்விக்கு இடமுண்டு. ஆனால் அது வாழ்க்கையின் கேள்வியாக வந்தது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்லவேண்டும் என்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் முடிவு செய்யப்பட்டது. ஒரே லயத்தில் ஒரு வீடு போயிற்று, ஒரு வீடு நின்றது. பாடுபவர் போய் ஆடுபவர் நின்றால் கூத்து எப்படி நடக்கும்? நாடற்றவராக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. 2023இல் மலையக மக்கள் தங்கள் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தனர். சட்டத்தின் கண்ணுக்கு நெடுங்காலம் உருவற்றிருந்த ஒரு மக்கள், ஆண்டுதோறும் மாசியில் உருவிலிக்கு உருவம் கொடுத்து வந்தனர்.

இன்று கடையில் ஆயத்த முடியும் ஆயத்த மாலையும் கிடைக்கின்றன. அவை மலிவானவை, மினுக்கமானவை. அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் கடைமுடி எந்தத் தலைக்கும் உரியதன்று. அது காமனுக்கும் எமனுக்கும் ஒன்றாகவே இருக்கும். கரும்பின் கணுவை உற்றுநோக்கியவரும், ஆடவிட்டு அளவெடுத்தவரும், சில்லைச் சாய்த்துப் பதித்தவரும் முதுமையடைந்துவிட்டால், அந்த அறிவைக் கடையில் வாங்க இயலாது. அதை எழுதிவைத்த நூல்கள் அரிது. ஒரு கை மறுகைக்குக் காட்டித்தான் அது வந்திருக்கிறது. தோட்டத்துப் பாடசாலைகளில் கைப்பணி கற்கும் மாணவர்கள், மாசி பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னரே கூத்து வாத்தியாரின் பக்கத்தில் அமர்ந்து ஒரு புஜத்தையாவது தாமே கட்டிப்பழகினால் போதும். மூங்கிலும் பழந்துணியும் மாவும் தவிர அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

காமன் கம்பம் எரிந்து தணிகிறது. சில நாள் கழித்து அவன் உயிர்பெற்றெழுந்த சடங்கும் நிறைவுறுகிறது. விரதம் இருந்து ஆடியவர் காப்பை அவிழ்த்துவிட்டு, மறுநாள் காலையில் பிரட்டுக்குச் செல்கிறார். முடியையும் புஜங்களையும் வெயிலில் உலர்த்தி, பழந்துணியில் சுற்றி, வேப்பிலையோ கற்பூரமோ இட்டுப் பெட்டியில் வைத்தல் வேண்டும். கழன்ற சில்லுகளையும் ஒரு சிறு பொட்டலமாக முடிந்து அதனுடனேயே வைத்துவிட்டால், அடுத்த மாசியில் எந்த இடத்தில் எதைப் பதிப்பது என்று புதிதாக வரும் கை தேடவேண்டியதில்லை.